பன்னிரண்டு முப்பத்தொன்றுக்குப் பதிந்தது

நவம்பர் 19, புதன்

தாழ்வு மண்டலம் காலை 8.30 மணி நிலவரப்படி சேந்தன்துறைக்குத் தென்கிழக்கே 620 கிலோமீட்டரில் இருக்கிறது. ஆதாரம்: வானிலை மைய அறிக்கை. சனிக்கிழமை இரவுக்குள் புயலாக மாறிக் கரையைக் கடக்கும் என்கிறார்கள். எந்த இடத்தில் என்று இன்னும் சொல்லவில்லை.

விசைப்படகு உரிமையாளர் சங்கத்தின் கட்டுப்பாட்டு அறை இன்று திறக்கப்பட்டது. சங்கக் கட்டிடத்தின் மாடி. நான்கு கணினிகள், மூன்று தொலைபேசிகள், ஓர் ஒயர்லெஸ். என்னைப் பத்து நாட்களுக்குப் பொறுப்பாளராக அமர்த்தியிருக்கிறார்கள். முப்பத்து நான்கு ஆண்டுகள் மாவட்ட நிருபராக இருந்தவனுக்குத் தகவலைச் சரிபார்க்கத் தெரியும் என்பது சங்கத் தலைவரின் எண்ணம்.

கடலில் இருக்கும் படகுகள் 241. ஆதாரம்: கடலுக்குப் போகும் படகுகளுக்குத் துறைமுகத்தில் கொடுக்கும் டோக்கன்களின் புத்தகம். ஒவ்வொரு படகுக்கும் கணினியில் ஒரு பக்கம் இருக்கிறது. படகு எண், உரிமையாளர், டிரைவர் பெயர், வயது, ஆட்கள், வீட்டுத் தொலைபேசி, நிலை, குறிப்பு. நிலை என்ற இடத்தில் 'கடலில்' அல்லது 'கரையில்' என்று மட்டுமே போட முடியும். 'கடலில்' என்றிருக்கும் படகுகளின் பட்டியல் தினமும் பகல் ஒரு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் தேடுதல் மையத்துக்குப் போகும். அதில் இல்லாத படகை யாரும் தேட மாட்டார்கள்.

மென்பொருளை எழுதியவர் ஃபரீத். திருச்சியில் இருக்கிறார். தொலைபேசியில் விளக்கினார்.

"ஒருத்தர் ஒரு போட்டோட பக்கத்தைத் திறந்தா அது அவர் பேருக்குப் பூட்டிக்கும் சார். அவர் சேவ் பண்ணி மூடுற வரைக்கும் மத்தவங்க திறக்க முடியாது. 'இன்னார்கிட்ட இருக்கு'ன்னு காட்டும்."

"எதுக்குப் பூட்டு? எல்லாரும் ஒரே வேலைதானே பார்க்கிறோம்?"

"ரெண்டு பேரும் ஒரே பக்கத்தைத் திறந்து வச்சுக்கிட்டாங்கன்னா, கடைசியா சேவ் பண்றவரோடதுதான் நிக்கும். முன்னாடி ஒருத்தர் எழுதுனது போயிடும் சார். போனதும் யாருக்கும் தெரியாது."

குறித்துக்கொண்டேன்.

அறையில் உள்ளவர்களுக்கு ஒரே ஒரு விதி சொன்னேன். எந்தத் தகவலும் இரண்டு இடத்திலிருந்து வந்தால்தான் உறுதி. ஒரு முறை வந்தது வதந்தி, இரண்டு முறை வந்தது செய்தி. சுகந்தி அதைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார். இருபத்து நான்கு வயது, கணினி அறிவியல் படித்தவர். சங்கத்தில் ஒப்பந்த வேலை; டிசம்பரில் நிரந்தரமாகும் என்கிறார்கள்.

இரத்த அழுத்த மாத்திரை நான்கு நாளைக்கு இருக்கிறது.


நவம்பர் 20, வியாழன்

58 படகுகள் திரும்பின. ஆதாரம்: துறைமுக வாயில் காவலர், டோக்கன் எழுத்தர் தாமோதரன்.

பூட்டு தொல்லை தருகிறது. தாமோதரன் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுக் கீழே டீ குடிக்கப் போய்விடுகிறார். அதற்குள் அந்தப் படகு வந்து கட்டியாகிவிடும். திறக்கப் போனால் 'இப்பதிவு தாமோதரனிடம் உள்ளது' என்று வரும்.

சுகந்தி ஜன்னல் வழியாகக் கத்தினார். "தாமோதரண்ணே! எம்பத்தெட்டு உங்ககிட்ட மாட்டிக்கிட்டு நிக்கிது. டீயைக் குடிச்சுட்டு வந்து அதுக்கு ஜாமீன் குடுங்க."

"இந்தா வந்துட்டேன். வடை ஒண்ணு பாக்கியிருக்கு."

"வடைக்குப் பூட்டு போட மாட்டாங்களாக்கும்?"

ஃபரீத்திடம் ஆறு முறை பேசினேன். பதினைந்து நிமிடம் கைபடாமல் இருந்தால் பூட்டு தானாகத் திறந்துகொள்ளும்படி மாற்றிக் கொடுத்தார். பதினைந்து நிமிடம் அதிகம் என்றேன். குறைத்தால் ஆபத்து என்றார். கணினியில் வேலை பார்ப்பவர்களுக்கு எல்லாமே ஆபத்து.


நவம்பர் 21, வெள்ளி

இன்று 97 படகுகள் திரும்பின, எல்லாமே காலையில். ஒரே நேரத்தில் வந்ததால் வாயிலில் நெரிசல். பூட்டினால் இருபதுக்கு மேற்பட்ட பதிவுகள் தேங்கின. பத்து மணி அளவில் ஒரு சிறு ஏற்பாடு செய்தேன். நான்கு கணினிகளிலும் சுகந்தியின் பெயரிலேயே நுழையச் சொன்னேன். பெயர் ஒன்றானதும் பூட்டு குறுக்கே வரவில்லை. வேலை வேகமாகிவிட்டது.

"ஃபரீத் சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிரட்டுமா சார்?" என்று சுகந்தி கேட்டார்.

"அவருக்கு எதுக்கும்மா? புயல் போனதும் சொல்லிக்கலாம்."

மாலைப் பட்டியலில் 86 படகுகள்.


நவம்பர் 22, சனி

புயல் இன்று இரவு ஒன்பது மணி அளவில் நமக்கு வடக்கே கரையைக் கடக்கும். ஆதாரம்: பிற்பகல் 2.30 மணி வானிலை அறிக்கை. காற்று பலமாக இருக்கிறது, மழை இன்னும் பிடிக்கவில்லை. வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டியைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு வந்தேன்.

இன்றைய நாளை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

காலையிலிருந்து படகுகள் தொடர்ந்து வந்தன. 11.40க்கு ஒரு படகு உரிமையாளரின் மேனேஜர் பக்கிரிசாமி தொலைபேசியில், "நம்ம போட்டு வந்துட்டுங்க, கட்டியாச்சு" என்றார். அந்த உரிமையாளருக்கு இரண்டு படகுகள், 217ம் 318ம். தாமோதரன் திரையில் முதலில் நின்ற 217ஐக் 'கரையில்' என்று போட்டார்.

நான் காலையிலிருந்து வயதுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வயது இல்லாமல் எங்கள் நாளிதழில் ஒரு பெயரும் அச்சானதில்லை. வயது தப்பாக இருந்தால் ஆளே தப்பு என்பார் எங்கள் செய்தி ஆசிரியர். அடையாள அட்டை நகல்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகத் திறந்தேன். 12.05க்கு 217ஐத் திறந்தேன். டிரைவர் வீரமுத்து. கணினியில் 34, அட்டையில் 43. திருத்தி முடிப்பதற்குள் செய்தியாளர்கள் வந்துவிட்டதாகக் கீழேயிருந்து அழைத்தார்கள். போனேன்.

செய்தியாளர்களிடம் 12.10 முதல் 12.25 வரை பேசினேன். 241ல் 237 கரை சேர்ந்தன, நான்கு படகுகள் கடலில் உள்ளன என்று சொன்னேன். எண்களை எழுத்திலும் கொடுத்தேன்.

மேலே வந்தபோது ஒரு பெண் அறையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். சுகந்தி 217 பற்றி என்னிடம் ஏதோ சொன்னார். சாப்பாட்டுப் பொட்டலம் வந்திருந்தது, தொலைபேசியில் சங்கத் தலைவர் காத்திருந்தார். சரி என்று தலையசைத்தேன். தலைவரிடம் பேசிவிட்டு, திறந்தபடி இருந்த பக்கத்தில் வயதைப் போட்டுச் சேவ் செய்தேன். பிறகு தயிர்சாதம்.

ஒரு மணிப் பட்டியலில் நான்கு படகுகள். செய்தியாளர்களிடம் சொன்ன எண்ணும் பட்டியலின் எண்ணும் ஒன்றாக இருந்தன. சுகந்தியின் முறை ஒரு மணிக்கு முடிந்துவிட்டது. மழைக்கு முன் வீடு போகச் சொன்னேன்.

மாலை 5.20க்குத் தேடுதல் மையத்திலிருந்து தகவல்: பட்டியலில் இருந்த நான்கு படகுகளையும் ஒரு ரோந்துக் கப்பல் கண்டுபிடித்துப் பாதுகாப்பாக அழைத்து வருகிறது. 318இன் டிரைவரும் ஒயர்லெஸ்ஸில் கேட்டதாகத் துறைமுக வாயிலில் அதையே சொன்னார். இரண்டு ஆதாரங்கள்.

241ல் 241. நல்ல நாள்.


நவம்பர் 23, ஞாயிறு

217ஆம் எண் படகு கரைக்கு வரவில்லை. ஐந்து பேர் இருக்கிறார்கள். ஆதாரம்: டிரைவரின் மனைவி செங்கமலம்; துறைமுகத்தில் நேரில் பார்த்த சுகந்தி.

புயல் இரவு 9.40க்குக் கடந்தது. காலையில் துறைமுகச் சாலையில் நான்கு மின்கம்பங்கள் கிடந்தன. எட்டு மணிக்கு அறையைத் திறந்தபோது செங்கமலம் படியில் உட்கார்ந்திருந்தார். நேற்று நான் படியில் பார்த்த பெண்.

"எப்ப தேடப் போனாங்க? எது வரைக்கும் போயிருக்காங்க?" என்றார்.

"எந்தப் படகும்மா?"

"என்னா எந்தப் படகுன்னு கேக்குறீங்க? நேத்து வந்து சொல்லிப்புட்டுத்தானே போனேன். எரநூத்திப் பதினேழு. என் வூட்டுக்காரரு போட்டு. முன்னூத்திப் பதினெட்டுக்காரரு ஒயர்லெஸ்ல அவங்களோட பேசுனாரு. நேத்து காலையில ஆறே காலுக்கு நாப்பத்தஞ்சு மைல் தூரத்துல இருந்தாங்க. இஞ்சின் ஓடுறதும் நிக்கிறதுமா இருக்குன்னாங்க. எல்லாத்தையும் அந்தப் பொண்ணு எழுதிக்கிச்சே."

கணினியில் 217ஐத் திறந்தேன். நிலை: கரையில். குறிப்பு: காலி.

சுகந்தி ஒன்பது மணிக்கு வந்தார். திரையைப் பார்த்துவிட்டு நின்றபடியே பேசினார். "நான் மாத்துனேன் சார். கடலில்னு போட்டேன். ஆறே கால், தென்கிழக்கு, நாப்பத்தஞ்சு மைல், எல்லாம் டைப் பண்ணினேன். உங்ககிட்டயும் சொன்னேனே சார்."

பதிவில் இல்லாததை உறுதி செய்ய முடியாது.

பத்து மணிக்கு மீன்வள ஆய்வாளர் மெர்லின் வந்தார். தேடுதல் மையத்தோடு பேசுவது அவர் பொறுப்பு. கடல் தணிந்தால் பகல் இரண்டு மணிக்கு மூன்று கப்பல்களும் ஒரு விமானமும் கிளம்பும், எங்கே அனுப்புவது என்று தெரிய வேண்டும் என்றார். 217இன் பக்கத்தில் யார் எப்போது சேவ் செய்தார்கள் என்ற வரலாறு மூன்று வரிகளில் வந்தது. 11.40. 12.25. 12.31. மூன்றிலும் சுகந்தி பெயர். என்ன மாற்றினார்கள் என்பது அதில் காட்டாது.

"பதினொண்ணு நாப்பதுக்குக் கரையில்னு போட்டது மேனேஜரோட தப்புன்னே வைப்போம். வந்து கட்டினது முன்னூத்திப் பதினெட்டு; அதை வாயில்காரங்க தனியாப் பதிஞ்சிருக்காங்க," என்றார் மெர்லின். "12.25க்கு இந்தப் பொண்ணு கடலில்னு மாத்தியிருக்கு. சரி. ஆறு நிமிஷம் கழிச்சு மறுபடி ஏன் கரையில்னு ஆச்சு? 12.31க்கு என்ன தகவல் வந்துச்சு?"

"எனக்கு ஒண்ணும் வரல மேடம். நான் மறுபடி தொடவே இல்ல."

"உங்க பேர் இருக்கே."

"எல்லாரும் என் பேர்லதான் மேடம்..." சுகந்தி என்னைப் பார்த்தார்.

"சரி, எழுதுனவங்க சொல்லட்டும். நான் யாரையும் கடிச்சுத் திங்கப் போறதில்ல. யார் சொல்லி எழுதுனீங்க?"

தாமோதரன் அப்போது ஒயர்லெஸ்ஸில் இருந்ததாகச் சொன்னார். நான்காவது கணினிக்காரர் அன்று வரவில்லை. செய்தியாளர் சந்திப்புக்காகக் கீழே போயிருந்ததாக நான் சொன்னேன். அது சரியான தகவல்.

மெர்லின் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். "ரெண்டு தடவை வந்தாதான் செய்தின்னு நீங்களே எழுதிப் போட்டிருக்கீங்க. ரெண்டு தடவை கரையில்னு வந்திருக்கு. ஆறே காலுக்கு நாப்பத்தஞ்சு மைல்ல இருந்த போட்டு, இஞ்சின் சரியானா ஆறு மணி நேரத்துல முகத்துவாரத்துக்கு வந்திருக்கலாம். யாரோ பார்த்திருக்காங்க. தகவல் இல்லாம ஒரு மனுசன் எழுத மாட்டான். அப்படின்னா கிட்ட வந்து, கடைசில மாட்டியிருக்கு."

கப்பல்களைக் கரையோரம் அனுப்பச் சொல்லி எழுதினார். முகத்துவாரத்திலிருந்து வடக்கே பன்னிரண்டு மைல், அகலம் ஐந்து மைல்.

செங்கமலம் கேட்டார்: "நாப்பத்தஞ்சு மைல்னு சொல்றேன். இங்கயே தேடுனா எப்படி?"

"அது ஆறே கால் தகவல்மா. அதுக்கப்புறம் ஒரு தகவல் இருக்கு."

"யாரு குடுத்தாங்க அந்தத் தகவலை?"

மெர்லின் எழுதிய தாளை எடுத்துக்கொண்டு தொலைபேசிக்குப் போனார்.


நவம்பர் 23, மாலை

ஆறு மணிப் பட்டியல் அனுப்பினேன். 217 அதில் இருக்கிறது. கரையோரத் தேடுதலில் எதுவும் கிடைக்கவில்லை. கிளம்பும்முன் என் கணினியில் திறந்திருந்த பக்கங்களை மூடினேன். பதினொன்று இருந்தன.


நவம்பர் 24, திங்கள்

தேடுதல் காலை ஆறு மணிக்கு அதே கரையோரத்தில் மறுபடி தொடங்கியது. ஆதாரம்: தேடுதல் மையம், தொலைபேசியில்.

7.20க்கு ஃபரீத் அழைத்தார். சுகந்தி நேற்றே அவரிடம் அழுதிருக்கிறார். சர்வரில் இருக்கும் முழுக் குறிப்பைத் தோண்டி எடுத்ததாகச் சொன்னார்.

"217ஐ 12.05க்கு ஒரு கணினில திறந்திருக்காங்க சார். அப்போ கரையில்னு இருக்கு. 12.25க்கு இன்னொரு கணினிலேர்ந்து கடலில்னு மாறுது, குறிப்பும் ஏறுது. அந்தப் பொண்ணு சொன்னது அத்தனையும் நிஜம். 12.31க்கு முதல் கணினில திறந்து கிடந்த பழைய பக்கம் அப்படியே சேவ் ஆகுது. அதுல நிலை கரையில். குறிப்பு காலி. மேல போய் உக்காந்துக்குச்சு."

"பூட்டு இருந்ததே?"

"அதான் சார் தலையைப் பிச்சுக்கிட்டேன். பார்த்தா ரெண்டு கணினியிலயும் ஒரே பேரு. அது ஆளைப் பார்க்காது சார், பேரைத்தான் பார்க்கும். இவங்களேதான் அங்கயும் திறக்குறாங்கன்னு விட்டுருச்சு. யாரு சார் எல்லாரையும் ஒரே பேருல போகச் சொன்னது?"

இங்கே சத்தமாக இருக்கிறது என்றேன்.

"இன்னொண்ணு சார். அந்த 12.31ல புதுசா மாறுனது ஒண்ணே ஒண்ணுதான். வயசு. முப்பத்து நாலை நாப்பத்து மூணு ஆக்கியிருக்காங்க. புயல் வர்ற நேரத்துல உக்காந்து வயசை யாரு சார் திருத்துவா?"

பேச்சு 7.28க்கு முடிந்தது.

முகச்சவரம் செய்துகொண்டேன். மருந்துக்கடை திறக்க எட்டரை ஆனது. முதல் ஆளாக நின்றேன். பத்து மாத்திரை வாங்கினேன். மின்சாரம் வராததால் பில் கையால் எழுதினார்கள். துறைமுகச் சாலையில் மரம் வெட்டிக்கொண்டிருந்ததால் சுற்றிப் போக வேண்டியிருந்தது. வழியில் டீ குடித்தேன். டீக்கடையில் நாளிதழ் வந்திருந்தது. 217 பற்றி ஆறாம் பக்கத்தில் நான்கு பத்தி. 'பெண் ஊழியரின் கவனக்குறைவு காரணமா என விசாரணை' என்று தலைப்பு. சுகந்தியின் பெயரைப் போட்டிருந்தார்கள், அடைப்புக்குறிக்குள் 24.

9.55க்கு மெர்லின் முன்னால் உட்கார்ந்தேன்.

நான் சொன்னதை அப்படியே இங்கே எழுதுகிறேன். 12.31க்கு எந்தத் தகவலும் வரவில்லை. யாரும் படகை முகத்துவாரத்தில் பார்க்கவில்லை. 12.05க்கு என் கணினியில் திறந்த பழைய பக்கத்தை, டிரைவரின் வயதைத் திருத்தி, 12.31க்கு நான் சேவ் செய்தேன். அதனால் சுகந்தியின் திருத்தம் அழிந்தது. எல்லோரையும் ஒரே பெயரில் நுழையச் சொன்னவனும் நான்தான். கடைசியாக உறுதியான தகவல் சனிக்கிழமை காலை 6.15, நாற்பத்தைந்து மைல்.

மெர்லின் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "இது உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது?"

"இன்னைக்குக் காலைல."

"மணி?"

"ஏழு இருபத்தெட்டு."

சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். அதையும் எழுதிக்கொண்டார். நேற்றைய நாளைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பிறகு தொலைபேசியை எடுத்தார். "கரையோரத்தை நிறுத்துங்க. ஆமா, முழுசா. இஞ்சின் இல்லாம நாப்பத்தஞ்சு மைல்லேர்ந்து ரெண்டு நாள் காத்துல போனா எங்க இருக்கும்னு கணக்குப் போடுங்க. இல்ல சார், ரெண்டாவது தகவல் கிடையாது. இருந்ததே இல்ல."

10.40க்குக் கப்பல்கள் தென்கிழக்கே திரும்பின.

மாலை வரை எதுவும் தெரியவில்லை.


நவம்பர் 25, செவ்வாய்

ஃபரீத் இரண்டு மாற்றங்கள் செய்திருக்கிறார். ஒருவர் பெயரில் ஒரே நேரத்தில் ஒரு கணினியில் மட்டும்தான் நுழைய முடியும். பூட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், நாம் திறந்த பிறகு வேறு யாராவது அந்தப் பக்கத்தை மாற்றியிருந்தால் சேவ் ஆகாது. அவர் எழுதியதையும் நாம் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி எது சரி என்று கேட்கும். முதலிலேயே செய்திருக்கலாமே என்றேன்.

"செஞ்சிருக்கணும் சார். பூட்டு இருக்கேன்னு விட்டுட்டேன். அது என் தப்பு. அறிக்கைல எழுதிடுறேன்."

நாளிதழ் ஆசிரியருக்குத் திருத்தம் அனுப்பினேன். ஏழு வரி. என் பெயர், வயது 61. சுகந்தியின் பெயர் வந்த அதே பக்கத்தில் போடக் கேட்டிருக்கிறேன்.

சுகந்தி வேலைக்கு வந்தார். என் மேசைப் பக்கம் வரவில்லை. தாமோதரனிடம் மட்டும் பேசினார். பதினோரு மணிக்கு ஒரு பேனா வேண்டுமென்று நான் கேட்டபோது எடுத்துக் கொடுத்தார்.

12.20க்குச் செங்கமலம் மாடிக்கு வந்தார். கூட அவர் தம்பி. நாற்காலி போட்டேன். உட்காரவில்லை. நேற்றே சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே நின்றார்.

"நான் வந்து சொன்னதை அந்தப் பொண்ணு எழுதிடுச்சு. நீங்க வந்து அழிச்சுட்டீங்க."

"ஆமாம்மா. தெரியாம."

"எதுக்கு அந்தப் பக்கத்தை எடுத்தீங்க?"

"உங்க வீட்டுக்காரர் வயது தப்பா இருந்தது. சரி பண்ணினேன்."

தம்பி ஒரு அடி முன்னால் வந்தார். செங்கமலம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வயசு," என்றார். "அவருக்கே தெரியாது அவரு வயசு. அட்டைக்காகச் சும்மா போட்டது அது."

மேசையில் இருந்த அட்டை நகல்களை ஓரமாக வைத்தேன். அவரே பேசினார்.

"நேத்து ஏன் சொல்லல? முந்தாநேத்து ஏன் சொல்லல? நான் இந்த ரூம்புல நின்னு யாரு யாருன்னு கேட்டேனே. அப்ப நீங்க இங்கதானே நின்னீங்க?"

"நின்னேன்."

"அப்பத் தெரியுமா உங்களுக்கு?"

எப்போது தெரிந்தது என்று மெர்லின் கேட்டபோது, ஏழு இருபத்தெட்டு என்றேன். ஃபரீத் கேட்கவில்லை. இந்த நோட்டிலும் நான் எழுதவில்லை. யாரோ தகவல் கொடுத்திருக்கிறார்கள் என்று மெர்லின் சொன்னபோதே, அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது எனக்கு நினைவு வந்துவிட்டது. தயிர்சாதப் பொட்டலம் எந்தப் பக்கம் இருந்தது என்பதுகூட. உறுதியாகத் தெரியாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆதாரம் வரட்டும் என்று இருந்தேன். அறைக்குள் இருந்த ஒரே ஆதாரம் நான்தான்.

"தெரியும்மா," என்றேன்.

சுகந்தி தட்டச்சு செய்வதை நிறுத்தினார்.

செங்கமலம் தம்பியின் கையை விட்டார். "அவரு வரட்டும். என்ன கேக்கணுமோ அவரே வந்து கேக்கட்டும்," என்று சொல்லிவிட்டு ஒயர்லெஸ் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார். தாமோதரன் எழுந்து மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

மெர்லினைத் தொலைபேசியில் அழைத்து, 23ஆம் தேதி காலை பத்தரை மணியிலிருந்தே எனக்குத் தெரியும் என்று சொன்னேன். நேற்றைய வாக்குமூலத்தில் அந்த வரியைச் சேர்க்கச் சொன்னேன். "தனியா ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க," என்றார். கொடுத்தனுப்பினேன்.


நவம்பர் 25, மாலை 4.50

217ஆம் எண் படகு கண்டுபிடிக்கப்பட்டது. பகல் 3.05 மணி, கரையிலிருந்து தென்கிழக்கே நூற்றுப் பத்து மைல், இஞ்சின் இல்லாமல் மிதக்கிறது. ஆதாரம்: தேடுதல் விமானம், அருகிலிருந்து எண்ணைப் படித்து உறுதி செய்த இன்னொரு விமானம்.

மேல்தளத்தில் மூன்று பேர் தெரிந்தார்கள். ஒருவர் சட்டையைக் கழற்றி வீசிக் காட்டினார். மற்ற இருவர் உட்கார்ந்திருந்தனர். படகில் போனவர்கள் ஐந்து பேர்.

தகவலை ஒயர்லெஸ்ஸில் எல்லோரும் கேட்டோம். தாமோதரன் கும்பிட்டார். செங்கமலம் எழுந்து நின்றார்.

"மூணு பேருன்னா, மிச்ச ரெண்டு பேரு உள்ள படுத்திருப்பாங்களா?"

"தெரியலம்மா."

"சட்டையை வீசுனது யாரு? நல்ல உயரமா இருந்தாரான்னு கேளுங்க."

கேட்டேன். மேலேயிருந்து பார்க்கையில் ஆளின் உயரம் தெரியாது என்றார்கள். அதைச் சொன்னேன்.

"உள்ள படுத்திருப்பாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சு போகுது?" என்று அவர் தம்பி என்னிடம் கேட்டார். நான் சொல்லவில்லை.

217இன் பக்கத்தில் நிலை 'கடலில்' என்றே இருக்கிறது. கண்டுபிடிக்கப்பட்ட நேரத்தையும் இடத்தையும் சுகந்தி குறிப்பில் சேர்த்தார்.

தெரியாமல் இருப்பவை: ஐவரில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள், அந்த மூவர் யார் யார். சங்கத்தின் விசாரணை வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு. ரோந்துக் கப்பல் படகை அடையும் நேரம் இன்று மாலை 6.30, பெயர்களை ஒயர்லெஸ்ஸில் படிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். செங்கமலம் தண்ணீர்கூட வேண்டாம் என்கிறார்.